பயணிகள் நடமாடும் முனையத்தில் கட்டுமானம்: திட்டத் தொழிலாளர் ஒப்பந்தம் எங்கே தேவை?

பழைய விமான நிலைய முனையம் ஒன்றைப் புதுப்பிப்பது என்று முடிவானதும் எழும் முதல் கேள்வி, அதை மூடிவிட்டு வேலை செய்வதா, திறந்து வைத்துக்கொண்டே செய்வதா என்பதுதான். மூட முடிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்துக்கு அந்த வசதி வாய்த்தது. 1954-இல் திறந்த அந்தக் கட்டடம், புதிய சர்வதேச முனையம் 2000 டிசம்பரில் இயங்கத் தொடங்கியதும் காலியானது. பிறகு சுமார் 38 கோடி டாலர் செலவில் புதுப்பிக்கப்பட்டு 2011 ஏப்ரலில் மறுபடி திறந்தது. அதே வளாகத்தில் உள்ள முதலாம் முனையத்துக்கு அப்படி அமையவில்லை. 1963-இல் கட்டிய அதை, விமானங்கள் வந்துபோய்க்கொண்டிருக்கும்போதே பகுதி பகுதியாக இடித்துக் கட்டினார்கள். அந்த முனையத்தின் முதல் பகுதி 2019 ஜூலையில் திறந்தது; முழு வேலையும் முடிய 2024 ஆயிற்று. செலவு ஏறக்குறைய 240 கோடி டாலர்.

இயங்கும் முனையத்தில் வேலை என்றால் என்ன என்பதை ஓர் இரவு ஷிப்ட்டை வைத்துப் பார்க்கலாம். கடைசி விமானம் கிளம்பி, துப்புரவுப் பணியாளர்கள் ஒதுங்கிய பிறகுதான் தடுப்புச் சுவருக்கு வெளியே கை வைக்க முடியும். விடியற்காலை முதல் பயணி வருவதற்குள் தரை கழுவி, விளக்கு எரிந்து, தீ எச்சரிக்கை மணி பழையபடி வேலை செய்ய வேண்டும். இடையில் கிடைப்பது நாலைந்து மணி நேரம். அதற்குள் எலக்ட்ரீஷியன் பழைய பலகையிலிருந்து புதிய பலகைக்கு மின்சாரத்தை மாற்ற வேண்டும். அவர் முடித்தால்தான் குளிர்சாதனக் குழாய்க்காரர் ஏணியைப் போட முடியும். அவர் இறங்கினால்தான் மேற்கூரைத் தச்சர் பலகையைப் பொருத்த முடியும். ஒருவர் வராவிட்டால் அடுத்த இருவரும் கூலி வாங்கிக்கொண்டு சும்மா நிற்பார்கள். துணையின்றி உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் கைரேகை எடுத்து, குற்றப் பின்னணி சோதித்து வழங்கிய அடையாள அட்டை வேண்டும். பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் கொண்டுபோன ஸ்பேனர் கணக்கில் குறைந்தால் அதைக் கண்டுபிடிக்காமல் வெளியேற முடியாது.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாள் வேலைநிறுத்தம் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்த அச்சத்துக்கு அமெரிக்கா கண்ட பதில்தான், வேலைநிறுத்தம் இல்லை என்ற உறுதியோடு தொழிற்சங்கங்களுடன் முன்கூட்டியே எழுதும் திட்டத் தொழிலாளர் ஒப்பந்தம். இதை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் மோதி வருகிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஒப்பந்தத்துக்கு மிகப் பொருத்தமான இடம் இயங்கும் முனையம்தான். ஆனால் எல்லாப் பொதுப்பணிக்கும் பொதுவான விதியாக இதை ஆக்குவது தவறு.

ஆள் எடுக்கும் முன்பே எழுதும் ஒப்பந்தம்

நம் ஊர்த் தொழிற்சங்கத்தார் 12(3) ஒப்பந்தம், 18(1) ஒப்பந்தம் என்று பேசிக் கேட்டிருப்போம். ஏற்கெனவே வேலையில் இருக்கும் தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் இடையே கூலி, போனஸ், பணிச்சுமை பற்றிப் பேசி முடித்துக் கையெழுத்திடுவது அது. திட்டத் தொழிலாளர் ஒப்பந்தம் அதற்கு நேர்மாறான வரிசையில் நடக்கிறது. வேலைத்தளத்தில் ஒரு தொழிலாளிகூடக் கால் வைக்கும் முன்பே, டெண்டர் விடும் முன்பே, கட்டடத்தின் சொந்தக்காரரோ அவருடைய திட்ட மேலாளரோ அப்பகுதியின் கட்டுமானத் தொழிற்சங்கக் கூட்டமைப்போடு உட்கார்ந்து, அந்த ஒரு திட்டத்துக்கு மட்டுமான நிபந்தனைகளை எழுதிக்கொள்கிறார். பிறகு டெண்டர் எடுக்கும் ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர் எல்லோரும் அதில் கையெழுத்திட வேண்டும்.

வேறு எந்தத் தொழிலிலும் அமெரிக்கச் சட்டம் இதை அனுமதிப்பதில்லை. தொழிலாளரே இல்லாதபோது அவர்கள் சார்பாகச் சங்கம் எப்படிப் பேசலாம் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் கட்டுமானத்தில் ஒரு தொழிலாளி மூன்று மாதம் ஒருவரிடம், ஐந்து மாதம் இன்னொருவரிடம் என்று நகர்ந்துகொண்டே இருப்பவர். ஆள் சேர்ந்து, வாக்கெடுத்து, சங்கத்தை அங்கீகரித்து முடிப்பதற்குள் கட்டடமே எழும்பிவிடும். அதனால் 1959-இல் தொழிலாளர் உறவுச் சட்டத்தைத் திருத்தியபோது கட்டுமானத்துக்கு மட்டும் முன்கூட்டிய ஒப்பந்தத்தை வெளிப்படையாக அனுமதித்தார்கள். நடைமுறை அதற்கும் முந்தியது. கொலம்பியா ஆற்றில் கட்டிய கிராண்ட் கூலி அணையிலும், கலிபோர்னியாவின் சாஸ்தா அணையிலும் இதே பாணி ஒப்பந்தங்கள் இருந்தன. எழுபதுகளில் அலாஸ்கா எண்ணெய்க் குழாயும் அப்படித்தான் போடப்பட்டது.

அரசு அமைப்பு ஒன்று இப்படி நிபந்தனை போடலாமா என்ற வழக்கு பாஸ்டன் துறைமுகத்தைத் தூய்மைப்படுத்தும் திட்டத்தில் வந்தது. சுமார் 610 கோடி டாலர், பத்தாண்டு வேலை. நீதிமன்றம் விதித்த கெடு தலைக்கு மேல் இருந்தது. 1993-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அரசு சட்டம் போடுபவராக நின்று தொழிலாளர் உறவில் தலையிட்டால் தவறு. ஆனால் பணம் போட்டுக் கட்டடம் வாங்கும் சொந்தக்காரராக நிற்கும்போது, தனியார் முதலாளி செய்யும் எதையும் அரசும் செய்யலாம் என்பது அதன் சாரம். இன்றுவரை எல்லா வாதமும் அந்த எல்லைக்கோட்டைச் சுற்றித்தான் நடக்கிறது.

சான் பிரான்சிஸ்கோ வழக்கு

விமான நிலையத்துக்கென்றே வந்த முக்கியத் தீர்ப்பு சான் பிரான்சிஸ்கோவுடையது. தொண்ணூறுகளில் அந்நகர விமான நிலைய ஆணையம் புதிய சர்வதேச முனையம், மேம்பாலச் சாலைகள், வாகன நிறுத்தங்கள், உள்வட்ட ரயில் என்று 240 கோடி டாலர் விரிவாக்கத்தில் இறங்கியது. எல்லாம் விமான நிலையம் இயங்கும்போதே, ஒன்றின் மேல் ஒன்றாக. ஆணையம் 1996-இல் கட்டுமானச் சங்கங்களோடு திட்ட நிலைப்பு ஒப்பந்தம் என்ற பெயரில் இதே வகை உடன்பாடு செய்தது. சங்கம் சாராத ஒப்பந்ததாரர்களின் அமைப்பு வழக்குத் தொடுத்தது. திறந்த போட்டியில் குறைந்த விலைக்கு டெண்டர் விட வேண்டும் என்ற சட்டத்தை இது மீறுகிறது என்பது அவர்கள் வாதம்.

1999-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டெண்டரில் யாரும் கலந்துகொள்ளலாம். சங்கத்தோடு வேறெங்கும் உறவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்த வேலைக்கு மட்டும் இந்த விதிகளை ஏற்றால் போதும். நிபந்தனை பிடிக்காமல் ஒருவர் ஒதுங்குவது வேறு, அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது வேறு என்று நீதிமன்றம் பார்த்தது. பிறகு 2011-இல் கலிபோர்னியா ஒரு சட்டமே கொண்டுவந்தது. பொது அமைப்பு இப்படி ஒப்பந்தம் போடலாம். ஆனால் அதில் இன, மத, பாலினப் பாகுபாட்டுக்கும் சங்க உறுப்பினர் பாகுபாட்டுக்கும் தடை இருக்க வேண்டும், தகுதியுள்ள எல்லோரும் டெண்டர் போட வழி இருக்க வேண்டும், போதைப்பொருள் சோதனை முறை இருக்க வேண்டும், வேலைநிறுத்தமும் கதவடைப்பும் கூடாது என்ற உறுதி இருக்க வேண்டும், தகராறைத் தீர்க்க நடுநிலை நடுவர் இருக்க வேண்டும் என்றது. மற்ற மாநிலங்கள் பின்பற்றத்தக்க வரைவு இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒப்பந்தத்தின் இதயம் வேலைநிறுத்தத் தடை என்று பொதுவாகச் சொல்வார்கள். முனைய வேலையில் அதற்குச் சமமான இன்னொரு பயன் உண்டு, அது பேசப்படுவதில்லை. ஒரு பெரிய முனையத்தில் பதினைந்து, இருபது தொழில்பிரிவுகள் இருக்கும். ஒவ்வொரு சங்கத்துக்கும் தனி ஒப்பந்தம், தனி விடுமுறைப் பட்டியல், வேலை தொடங்கும் நேரம், ஓவர்டைம் கணக்கு, இரவு ஷிப்ட்டுக்கான கூடுதல் கூலி. ஒரு பிரிவு விடுமுறையில் இருக்கும் நாளில் மற்றப் பிரிவுகள் நிற்க நேரும். திட்ட ஒப்பந்தம் இவற்றையெல்லாம் ஒரே அட்டவணையில் கொண்டுவருகிறது. எல்லோருக்கும் ஒரே விடுமுறை, ஒரே ஷிப்ட் நேரம், இரவு வேலைக்கு ஒரே விதி. நாலு மணி நேர இரவு இடைவெளியை நம்பி வேலை செய்யும் மேலாளருக்கு இதன் மதிப்பு மிகப் பெரிது.

எல்லைத் தகராறும் அப்படித்தான். பயணப்பெட்டிகளைக் கொண்டுசெல்லும் கன்வேயரை எடுத்துக்கொள்வோம். அதைப் பொருத்துவது இயந்திரம் நிறுவுவோரின் வேலை என்று ஒரு சங்கம் சொல்லும். தாங்கும் இரும்புச் சட்டம் எங்களுடையது என்று இரும்பு வேலைக்காரர் சங்கம் சொல்லும். மோட்டாரும் உணரிகளும் எலக்ட்ரீஷியன்களுடையவை. கூலி அல்ல, யார் செய்வது என்பதே சண்டை. ஒப்பந்தம் இருக்கும் தளத்தில் ஒவ்வொரு துணை ஒப்பந்ததாரரும் வேலை தொடங்கும் முன் எல்லாச் சங்கப் பிரதிநிதிகளையும் அழைத்து, வரைபடத்தை விரித்து, எந்த வேலை எந்தப் பிரிவுக்கு என்று குறித்துக் காட்ட வேண்டும். ஒத்துவரவில்லையென்றால் நடுவரிடம் போகலாம். நடுவர் முடிவு சொல்லும்வரை வேலை நிற்கக் கூடாது. மனத்தாங்கல் மேசையில் தீர்கிறது, கன்வேயர் ஓடுகிறது.

ஆனால் இந்தக் காப்பு எங்கே முடிகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சியாட்டில் பகுதியில் 2021 இறுதியில் தொடங்கி 2022 ஏப்ரல்வரை 300-க்கும் மேற்பட்ட கான்கிரீட் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கான்கிரீட் நிறுவனங்களின் ஊழியர்கள். திட்ட ஒப்பந்தத்தின் கீழ் நடந்த அந்நகர ரயில் பாதை வேலைகள்கூட கான்கிரீட் இல்லாமல் தடைபட்டன. தளத்துக்குள் நடப்பதைத்தான் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். தளத்துக்கு வரும் பொருளை அல்ல.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் உண்மை உண்டு

அமெரிக்கக் கட்டுமானத் தொழிலாளரில் சங்கத்தில் இருப்பவர்கள் இன்று சுமார் பத்தில் ஒருவர். மீதி ஒன்பது பேரை வைத்து வேலை செய்யும் ஒப்பந்ததாரர் இந்த ஒப்பந்தத்தைப் படித்ததும் கேட்பது: என் ஆட்களை நான் என்ன செய்வது? வேலைக்கு ஆள், சங்கம் தன் பட்டியலிலிருந்து அனுப்பும் ஹையரிங் ஹால் வழியாகத்தான் வர வேண்டும். பல ஒப்பந்தங்களில் ஒருவர் ஹாலிலிருந்து, அடுத்தவர் சொந்த ஆள் என்று மாறி மாறி, குறிப்பிட்ட எண்ணிக்கைவரை தன் பழைய தொழிலாளரைக் கொண்டுவர அனுமதி உண்டு. பத்துப் பேரை வைத்து நடத்தும் சிறு ஒப்பந்ததாரருக்கு அது போதாது. பத்தாண்டு கூட இருந்தவரை வீட்டில் உட்காரவைத்துவிட்டு முன்பின் தெரியாதவரை வேலைக்கு எடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

சேமநிதி விஷயம் இதைவிடக் கனமானது. கூலியைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. கூட்டரசு உதவி பெறும் வேலைகளில் 1931-ஆம் ஆண்டின் டேவிஸ்-பேக்கன் சட்டப்படி அப்பகுதியில் நிலவும் கூலியை எல்லோரும் கொடுத்தாக வேண்டும். ஆனால் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கான தொகை திட்ட ஒப்பந்தத்தின்படி சங்கத்தின் அறக்கட்டளை நிதிக்குப் போக வேண்டும். ஒப்பந்ததாரர் தன் தொழிலாளருக்கு ஏற்கெனவே நடத்தும் காப்பீட்டை நிறுத்த முடியாது. ஆக இரண்டு இடத்தில் கட்டுகிறார். குறிப்பிட்ட ஆண்டுகள் சேவை முடிந்தால்தான் ஓய்வூதிய உரிமை என்றிருக்கும் நிதியில், எட்டு மாதம் வேலை செய்துவிட்டுப் போகும் தொழிலாளிக்கு அந்தப் பணம் திரும்பி வராது. உழைத்தவர் பெயரில் கட்டிய பணம் உழைத்தவருக்குச் சேராமல் போவதை எந்தத் தொழிற்சங்கக் கொள்கையாலும் நியாயப்படுத்த முடியாது. சங்கத்தை மதிக்கிறவன் என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன். சொந்தத் திட்டம் வைத்திருக்கும் ஒப்பந்ததாரர் அதே தொகையை அங்கேயே கட்ட அனுமதித்தால் இந்தக் குறை தீரும்.

விலை ஏறுகிறதா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. மாசசூசெட்ஸ் பள்ளிக் கட்டடங்களைப் பார்த்த பீக்கன் ஹில் நிறுவனம் 2003-இல் 12 முதல் 14 சதவீதம்வரை செலவு கூடுகிறது என்றது. பெல்மன், போடா, ஃபிலிப்ஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள், பள்ளியின் அளவு, வகை, இடம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தால் அந்த வித்தியாசம் நிற்கவில்லை என்றார்கள். லாஸ் ஏஞ்சலஸில் வீடற்றோருக்காகக் கட்டிய குடியிருப்புகளை ஆராய்ந்த ராண்ட் நிறுவனம் 2021-இல் 14.5 சதவீதம் கூடியதாகக் கண்டது. 65 வீடுகளைத் தொட்டால் ஒப்பந்தம் கட்டாயம் என்பதால் பலர் அதற்குக் கீழேயே நிறுத்திக்கொண்டதையும் காட்டியது. எனக்கு இந்த ஆய்வு முக்கியமாகப் படுகிறது. ஆனால் காலி மனையில் எழும் நாலைந்து மாடிக் குடியிருப்பையும், பெட்டிகள் ஓடும் கன்வேயருக்கு மேலே கூரை மாற்றும் முனையத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. குடியிருப்பு வேலை பெரும்பாலும் சங்கம் சாராத சிறு நிறுவனங்கள் செய்வது. அங்கே ஒப்பந்தம் போட்டால் போட்டி சுருங்கும். பெருநகர விமான நிலையத்தில் பெரிய மின் வேலையும் குழாய் வேலையும் செய்யும் திறனுள்ள நிறுவனங்களில் பல ஏற்கெனவே சங்கத்தோடு உள்ளவை. 1998-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமும், ஒப்பந்தம் உள்ள திட்டத்துக்கு ஒப்பாக ஒப்பந்தம் இல்லாத இன்னொரு திட்டத்தைக் கண்டுபிடிப்பதே கடினம் என்று எழுதியது. எந்த இரண்டு முனையமும் ஒன்றல்ல.

நியூயார்க் காட்டிய வழி

இந்தக் குழப்பத்தில் எனக்குத் தெளிவு தந்தது நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1996-இல் ஒரே நாளில் சேர்த்துக் கொடுத்த இரட்டைத் தீர்ப்பு. ஒன்று ஹட்சன் ஆற்றின் மேலிருந்த டாப்பன் ஸீ பாலத்தைப் பழுதுபார்க்கும் வேலை. மற்றது பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மருத்துவமனைக் கட்டுமானம். இரண்டிலும் ஒரே வகை ஒப்பந்தம். பாலத்தின் ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஏற்றது. மருத்துவமனையின் ஒப்பந்தத்தை ரத்து செய்தது.

காரணம் எளிது. பால ஆணையம் டெண்டருக்கு முன்பே ஆய்வு செய்திருந்தது. போக்குவரத்தை நிறுத்தாமல் வேலை செய்ய வேண்டும், பல சங்கங்களின் நேரமும் விடுமுறையும் ஒத்துப்போக வேண்டும், சுங்க வருவாய் தடைபடக் கூடாது என்பதையெல்லாம் எழுதி, கூலிச் செலவில் சுமார் 13 சதவீதம், அதாவது 60 லட்சம் டாலருக்கு மேல் மிச்சமாகும் என்று கணக்குக் காட்டியது. மருத்துவமனைத் தரப்பிடம் அப்படி ஒரு முன்கணக்கு இல்லை. முடிவெடுத்த பிறகு காரணம் தேடியிருந்தார்கள். இயங்கும் பாலத்துக்குச் சொன்ன ஒவ்வொரு காரணமும் இயங்கும் முனையத்துக்கு அப்படியே பொருந்தும்.

அரசியல் இந்தத் தெளிவை எட்ட விடவில்லை. அதிபர் மூத்த புஷ் 1992-இல் இந்த ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குவதைத் தடுத்தார். கிளின்டன் அடுத்த ஆண்டே அந்தத் தடையை நீக்கினார். இளைய புஷ் 2001-இல், கூட்டரசு உதவி பெறும் திட்டங்கள் உட்பட, கட்டாயப்படுத்தக் கூடாது என்றார். ஒபாமா 2009-இல் 2.5 கோடி டாலருக்கு மேற்பட்ட கூட்டரசு வேலைகளில் ஊக்குவித்தார். பைடன் 2022-இல் 3.5 கோடிக்கு மேல் கட்டாயம் என்றார். பெரும்பாலான விமான நிலையங்கள் நகரங்களுக்கும் உள்ளூர் ஆணையங்களுக்கும் சொந்தமானவை; பைடனின் உத்தரவு கூட்டரசு நேரடியாகக் கொடுக்கும் வேலைகளுக்கு மட்டுமே. 2021-ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டம் முனையங்களுக்கென்று ஒதுக்கிய 500 கோடி டாலர் வரும்போது, ஒப்பந்தம் வேண்டுமா என்பதை அந்தந்த ஊர்தான் முடிவு செய்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அந்த உரிமையையும் சட்டம் போட்டுப் பறித்திருக்கின்றன. கட்டாயம், தடை இரண்டும் ஒரே பிழையின் இரு பக்கம்: தளத்தைப் பார்க்காமல் கட்சியைப் பார்த்து எடுத்த முடிவு.

யாருக்கு வேலை?

நகரங்கள் இன்று இந்த ஒப்பந்தத்தை விரும்ப இன்னொரு காரணம் உள்ளூர் வேலைவாய்ப்பு. லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையம் தன் ஒப்பந்தத்தில் வேலை நேரத்தில் 30 சதவீதம் உள்ளூர் மக்களுக்கு என்று இலக்கு வைத்தது; ஹயர் எல்ஏஎக்ஸ் என்ற பெயரில், சுற்றுப்புறத்து மக்களை அப்ரண்டிஸ் பயிற்சிக்குத் தயார்செய்யும் வகுப்பும் நடத்துகிறது. ஓடுதளத்தின் இரைச்சலையும் புகையையும் தலைமுறையாகச் சுமந்த பகுதி அது. வேலையிலும் பங்கு கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் உள்ளூர் யார் என்பதிலும் வழக்கு வரும். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் அந்நகரத்துக்குச் சொந்தம். நிலமோ தெற்கே சான் மேட்டியோ மாவட்டத்தில். 2010 இறுதியில் நகரம் உள்ளூர் ஆள் விதியைக் கொண்டுவந்ததும், எங்கள் மண்ணில் நடக்கும் வேலை எங்களுக்கு இல்லையா என்று அந்த மாவட்டம் எதிர்ப்புத் தெரிவித்தது. பிறகு இரு தரப்பும் பேசி உடன்பாட்டுக்கு வந்தன.

அடையாள அட்டையும் இங்கேதான் குறுக்கே வருகிறது. ஹையரிங் ஹால் முறை, யார் வரிசையில் முன்னால் இருக்கிறாரோ அவரை அனுப்பும். விமான நிலையமோ பின்னணி சோதித்து முடிக்காதவரைத் தனியே உள்ளே விடாது. இந்த இரண்டையும் இணைக்காமல் எழுதிய ஒப்பந்தத்தில், ஆள் வந்தும் வேலை நடக்காது. அட்டை பெற்றவர்களின் தனிப் பட்டியலைச் சங்கமே வைத்திருக்க வேண்டும் என்றும், பழைய வழக்கு உள்ளவருக்கு நேரம் வீணாகாமல் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றும் எழுதுவது நல்லது. சிறையிலிருந்து திரும்பியோருக்கும் வேலை தருவோம் என்று மேடையில் வாக்களித்துவிட்டு, அட்டை அலுவலகத்தில் அவரைத் திருப்பி அனுப்புவது கொடுமை. பாதுகாக்கப்பட்ட எல்லைக்கு வெளியே உள்ள வேலைகளை அவர்களுக்கென்று முன்பே ஒதுக்கலாம்.

இத்தனையும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. டென்வர் விமான நிலையம் தன் பெரிய மண்டபத்தைப் புதுப்பிக்க 2017-இல் 180 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, 2019-இல் பாதியில் ரத்து செய்தது. தகராறு பழைய கான்கிரீட்டின் வலுவையும் வடிவமைப்பு மாற்றங்களையும் பற்றியது; தொழிலாளருக்கு அதில் பங்கில்லை. பழைய கட்டடத்தின் தரைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இறங்கினால் எந்தத் தொழிலாளர் ஒப்பந்தமும் காப்பாற்றாது.

ஆகவே முனையத்தைத் திறந்து வைத்துக்கொண்டே புதுப்பிக்கும் நகரம் இந்த ஒப்பந்தத்தைக் கேட்கட்டும். காலிக் கட்டடத்துக்கும் தனி வாகன நிறுத்தத்துக்கும் கேட்க வேண்டாம். கேட்கும் நகரம், டெண்டர் அறிவிப்புக்கு முன்பே தன் ஆய்வை மக்கள் முன் வைக்கட்டும். வேலை முடிந்த பின், நின்றுபோன மணி நேரம் எத்தனை, நடுவரிடம் போன தகராறு எத்தனை, அட்டைக்காகக் காத்திருந்த நாள் எத்தனை, பயிற்சிக்கு வந்த அப்ரண்டிஸ்களில் முழுத் தொழிலாளியானவர் எத்தனை பேர் என்ற கணக்கையும் வெளியிடட்டும். செலவு பயணச்சீட்டில் சேரும் கட்டணமாகவும் வரியாகவும் மக்களிடமிருந்தே வருகிறது. அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.